கோப்பு நகராத இடத்தில் ஆய்வும் நகராது

நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டு விதிமுறைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். இடப்பக்க ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், வரிகளுக்கிடையே இடைவெளி எவ்வளவு, எழுத்தின் அளவு என்ன, அட்டையின் நிறம் என்ன என்பனவெல்லாம் அணுவும் பிசகாமல் வரையறுக்கப்பட்டிருக்கும். அந்த ஆய்வேடு எந்தத் தரவின் மேல் நிற்கிறதோ, அந்தத் தரவு எந்த வடிவத்தில், எந்தக் குறியேற்றத்தில், எத்தகைய பெயரிடல் முறையில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று பெரும்பாலான விதிமுறைகளில் ஒரு வரிகூட இராது. அட்டையின் நிறம் தவறினால் ஆய்வேடு திரும்பி வரும். தரவு திறக்காமற்போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓர் இயங்குதளத்தில் உருவான கோப்பை மற்றோர் இயங்குதளத்துக்குப் பழுதின்றிக் கொண்டுசெல்வது "கணினி தெரிந்த பையன்" பார்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை வேலை என்பது நம் துறைகளில் நிலவும் எண்ணம். பேராசிரியரிடம் விண்டோஸ், ஆய்வகத்தில் லினக்ஸ், வெளிநாட்டுக் கூட்டாய்வாளரிடம் மேக் என்று மூன்று உலகங்கள் ஒரே ஆய்வுத்திட்டத்துக்குள் இயங்குகின்றன. மூன்றுக்கும் இடையே கோப்புகளைச் சுமப்பவர் பெரும்பாலும் உதவித்தொகை தாமதமாக வரும் ஓர் ஆய்வு மாணவர். வழியில் ஏதேனும் சிதைந்தால் பழி அவருக்கு. நான் இங்கே வாதிட விரும்புவது, இது ஆய்வு முறையியலும் ஆய்வு அறமும் சார்ந்த பொறுப்பு என்பதே. இந்தப் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்காமல் தனிமனிதர்மேல் தள்ளிவிட்டிருப்பது கண்டனத்துக்குரியது.

முதலில் வரலாறு. வெவ்வேறு கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்புவதற்கான முதல் நெறிமுறையை 1971 ஏப்ரலில் எம்.ஐ.டி.யிலிருந்து எழுதி வெளியிட்டவர் அபய் பூஷண், ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர். எஃப்.டி.பி. என்று பின்னர் உலகமே அறிந்த நெறிமுறையின் தொடக்கம் அதுதான். அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியின் சொல்நீளம் 36 பிட். மற்றொன்றின் சொல்நீளம் 32 பிட். ஐபிஎம் கணினிகள் எப்சிடிக் என்னும் குறியேற்றத்தில் எழுத்துகளைச் சேமித்தன. மற்றவை ஆஸ்கியில் சேமித்தன. ஒன்றின் எழுத்து மற்றொன்றுக்குப் புரியாது. அந்த வேறுபாடுகளைப் பயனரின் தலையில் கட்டாமல் நெறிமுறையே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த முயற்சியின் சாரம். 1985இல் வெளியான திருத்தப்பட்ட நெறிமுறையும், கோப்புச் சேமிப்பு முறைகளின் வேறுபாடுகளிலிருந்து பயனரைக் காப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே அறிவித்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தச் சுமை பயனர் தலையில்தான் இருக்கிறது. அந்த நெறிமுறையை எழுதியவர் படித்த நாட்டின் பல்கலைக்கழகங்கள் இதைப் பாடத்திட்டத்தின் ஓரத்தில்கூட வைக்கவில்லை.

மொழியியலில் இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமாக வெட்டுகிறது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன்.

கோப்புப் பெயரிலிருந்தே தொடங்கலாம். களப்பணியில் குரல்வளை அடைப்பொலியைக் குறிக்கக் கேள்விக்குறியையும், நெடிலைக் குறிக்க முக்காற்புள்ளியையும் தட்டச்சு செய்வது மொழியியலாளரின் பழைய வழக்கம். லினக்ஸில் இவ்விரு குறிகளையும் கோப்புப் பெயரில் வைக்கலாம். விண்டோஸில் இரண்டுமே தடைசெய்யப்பட்டவை. அத்தகைய நூறு ஒலிக்கோப்புகளை விண்டோஸ் கணினிக்கு நகலெடுக்க முயன்றால் சில வராது. சில பெயர் மாறி வரும். எந்தச் சொல் எந்த ஒலிக்கோப்பு என்ற தொடர்பு அங்கேயே அறுந்துபோகிறது.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. தமிழை ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதும்போது லகரத்துக்குச் சிறிய 'எல்', ளகரத்துக்குப் பெரிய 'எல்' இடுவது பலரும் பின்பற்றும் முறை. அம்முறையில் 'புலி' ஒரு கோப்பு, 'புளி' மற்றொரு கோப்பு. லினக்ஸ் இரண்டையும் வேறுவேறாகப் பார்க்கும். விண்டோஸும், இயல்பு அமைப்பில் உள்ள மேக்கும் இரண்டையும் ஒரே பெயராகக் கருதும். ஒரே கோப்புறையில் நகலெடுக்கும்போது 'மாற்றி எழுதவா?' என்ற கேள்விக்கு அவசரத்தில் 'ஆம்' என்று சொடுக்கினால் புலி போய்ப் புளி மட்டும் எஞ்சும். ஒலியன் வேறுபாட்டை ஆராயவே திரட்டிய தரவு, அந்த ஒலியன் வேறுபாட்டாலேயே அழிகிறது.

சரி, தமிழ் எழுத்திலேயே பெயரிடலாமே என்று கேட்பீர்கள். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம். முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். இரண்டும் சமமானவை என்பது ஒருங்குறியின் விதி; திரையில் இரண்டும் ஒரேமாதிரியே தெரியும். ஆனால் கோப்பு முறைகள் இவ்விதியை ஒரேவிதமாக நடத்துவதில்லை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் பரவலான ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே காக்கிறது. லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே எண்ணுகிறது. விளைவு, 'கோத்தர்' என்று தொடங்கும் ஒரு கோப்பு பழைய மேக் வழியாகச் சென்று லினக்ஸுக்குத் திரும்பும்போது, அச்சு அசலாக ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் கண்முன் நிற்கலாம். நாம் எழுதிய நிரல் அவற்றுள் ஒன்றைக் 'காணவில்லை' என்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத பிழையைத் தேடி மாணவர் வாரக்கணக்கில் உழைப்பார். ஆங்கிலத்தில் மட்டும் பெயரிடுவோருக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துமுறையின் அடிப்படையில் அமைந்த சமத்துவமின்மை இது.

கோப்பின் உள்ளே போவோம். வரி முடிந்தது என்பதைக் குறிக்க யூனிக்ஸ் மரபு ஒரு குறியையும், டாஸ்-விண்டோஸ் மரபு இரண்டு குறிகளையும், பழைய மேக் மரபு வேறொரு குறியையும் இட்டன. விண்டோஸின் நோட்பேட் பிற மரபுகளின் வரிமுடிவைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது 2018இல்தான். அதுவரை, லினக்ஸில் அழகாக வரிவரியாக இருந்த சொற்பட்டியல் அங்கே ஒரே நெடுவரியாகத் தெரிந்தது. இது பார்வைச் சிக்கல், மீட்டுவிடலாம். மீட்க முடியாதவையும் உண்டு. யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் உள்ள தமிழ்ச் சொற்பட்டியலை, தொடக்க அடையாளக் குறி இல்லாத சிஎஸ்வி கோப்பாக விண்டோஸில் இருமுறை சொடுக்கினால், எக்செல் அதைப் பழைய குறியேற்றமாகக் கருதிக் குப்பையாகக் காட்டும். சரியான தமிழ் தெரியும் பட்டியலையே பழைய வகைச் சிஎஸ்வியாகச் சேமித்தாலோ எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து தமிழை எந்த வல்லுநராலும் திரும்பப் பெற முடியாது.

இன்னும் பழைய தரவுகளின் கதை வேறு. ஒருங்குறிக்கு முன்பு பலரும் பயன்படுத்திய பாமினி போன்ற எழுத்துருக்களில் 'தமிழ்' என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை, ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையேல் வெறும் ரோமன் குவியல். இந்தியில் கிருதி தேவ் எழுத்துருவின் நிலையும் இதுவே. ஓர் உரைக்கோப்பின் பொருள் அந்தக் கோப்புக்குள் இல்லாமல், ஒரு குறிப்பிட்ட கணினியில் நிறுவப்பட்ட எழுத்துருவில் இருந்தது. அந்தக் கணினி கழிவுக்குப் போனதும் பொருளும் உடன் போயிற்று. தமிழும் பிற இந்திய எழுத்துமுறைகளும் 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. அதன் பிறகும் பல்லாண்டுகள் பல துறைகளில் தரவு இந்த வழியிலேயே சேர்க்கப்பட்டது. மாற்றச் சொல்லி யாரும் விதி வகுக்கவில்லை.

வன்தட்டின் கதையும் சொல்ல வேண்டும். பென் டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபேட்32 அமைப்பு 4 ஜிபியை எட்டும் ஒரு கோப்பை ஏற்காது. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் காணொளி அந்த வரம்பைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் எட்டிவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும். கூடுதல் மென்பொருள் இன்றி அதில் எழுதாது. லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டையோ, மேக்கின் ஏபிஎஃப்எஸ் வட்டையோ விண்டோஸ் தானாகப் படிக்காது, 'வடிவமைக்கவா?' என்று கேட்கும். அந்தக் கேள்வியின் பொருள் 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்பதே. அதை அறியாத ஒருவர் முன் அது தோன்றும் தருணத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று இயங்குதளங்களும் படிக்கவும் எழுதவும் கூடிய எக்ஸ்ஃபேட் அமைப்பை மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது. அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட 2019 வரை ஆயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு பொதுவழி தனியார் வேலிக்குள் இருந்தது. கோப்பு நகராமைக்கு எல்லா நேரங்களிலும் தொழில்நுட்ப இயலாமையே காரணம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வணிக முடிவுகள் பலவற்றின் விளைவை நாம் 'கோளாறு' என்று பெயரிட்டு அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்கலாம். 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் இறந்தார். போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். மொழியியலாளர் அன்விதா அப்பியின் ஆவணப்படுத்தலில் அவர் குரல் பதிவாகியிருக்கிறது. அத்தகைய பதிவை இனி ஒருமுறை எடுக்க இயலாது. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு கோப்பு கெட்டால் சோதனையை மறுபடி செய்யலாம். மொழியின் கடைசிப் பேச்சாளரிடம் எடுத்த பதிவு கெட்டால் மறுபடி செய்ய யாரிடம் போவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் 121 மொழிகளைப் பட்டியலிட்டது. அந்த எண்ணிக்கையைத் தொடாத மொழிகளுக்காகவே 2013இல் மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வழியே அருகிவரும் மொழிகளுக்கான திட்டம் தொடங்கப்பட்டது. அம்மொழிகளைப் பேசுவோர் நம்மை நம்பிப் பேசுகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமோ கைரேகையோ வாங்கும்போது, 'உங்கள் குரலைப் பாதுகாப்போம்' என்று சொல்கிறோம். அந்த உறுதிமொழியைக் காக்க வேண்டிய இடம் கோப்பு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அந்த நொடிதான்.

கிரியர்சன் காலத்து இந்திய மொழியியல் அளவாய்வுடன் சேர்ந்து எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகள் 1913 முதல் 1929 வரையிலானவை. நூற்றாண்டு கடந்தும் அவற்றை இன்று இணையத்தில் கேட்க முடிகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வட்டில் எரித்த சொற்பட்டியலைத் திறக்க முடியாமல் நிற்கும் துறைகள் நம்மிடையே உண்டு. மெழுகும் அரக்கும் தாங்கியதை நம் மின்னணு அலட்சியம் தாங்கவில்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுமொழிகளையும் பார்த்துவிடுவோம்.

'எல்லோரும் ஒரே இயங்குதளம் வாங்கிக்கொண்டால் போதுமே' என்பது முதலாவது. யாருடைய பணத்தில் என்பது ஒருபுறம் இருக்க, இந்த யோசனை காலத்தை மறந்துவிடுகிறது. இன்றைய விண்டோஸுக்கும் இருபதாண்டு கழித்து வரப்போகும் விண்டோஸுக்கும் இடையே உள்ள தூரமும் இயங்குதள வேறுபாடுதான். ஆய்வுத் தரவு அடுத்த அறைக்கு மட்டுமின்றி அடுத்த தலைமுறைக்கும் போயாக வேண்டும்.

'மேகத்தில் ஏற்றிவிடுங்கள்' என்பது இரண்டாவது. களத்தில் வலைத்தொடர்பு இராது. நிறுவனக் கணக்கு, மாணவர் வெளியேறியதும் மூடப்படலாம். அதைவிட முக்கியமாக, பழங்குடியினரின் சடங்குப் பாடல்களை எந்த நாட்டுச் சேவையகத்தில் வைக்கலாம் என்பதை அந்தச் சமூகத்தைக் கேட்காமல் நாம் முடிவு செய்ய முடியாது. மேலும், மேகத்தில் ஏற்றினாலும் பிழையான குறியேற்றம் பிழையான குறியேற்றமாகவே இருக்கும்.

'பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்' என்பது மூன்றாவது. பிடிஎஃப் பக்கத்தின் தோற்றத்தைக் காக்கப் பிறந்தது. அதிலிருந்து தமிழ் உரையை நகலெடுத்துப் பார்த்தவர்களுக்குக் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறுவது தெரியும். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா தளத்தில் நம் ஆய்வேடுகள் பிடிஎஃப் வடிவில் சேர்கின்றன. அது பெரும் பணி, குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வேடு கிடைப்பதும் அதன் தரவு கிடைப்பதும் ஒன்றல்ல.

'இதெல்லாம் கணினித் துறையின் வேலை' என்பது நான்காவது. இந்தச் சாக்குக்கு விடை நம் துறையிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஸ்டீவன் பேர்ட், கேரி சைமன்ஸ் இருவரும் மொழி ஆவணங்களின் பெயர்வுத்தன்மையின் ஏழு பரிமாணங்களைப் பற்றி 'லாங்குவேஜ்' இதழில் 2003இலேயே கட்டுரை எழுதினார்கள். வடிவம், அணுக்கம், பாதுகாப்பு, உரிமை முதலியவற்றை அவர்கள் மொழியியலின் கேள்விகளாகவே முன்வைத்தார்கள். கணினித் துறையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கவில்லை.

அரசின் நிலைப்பாடும் நமக்குத் தடையாக இல்லை. மின்னாளுகைக்கான திறந்த செந்தரக் கொள்கையை இந்திய அரசு 2010இல் அறிவித்தது. மைக்ரோசாஃப்டின் ஆவண வடிவம் பன்னாட்டுச் செந்தர அமைப்பின் முன் 2007இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. பள்ளிப் பிள்ளைகள் செய்வதைச் செய்ய முடியாமல், 'வேர்டு கோப்பாக மட்டும் அனுப்புக' என்று இன்றும் சுற்றறிக்கை விடுபவை உயர்கல்வி நிறுவனங்கள்தாம்.

ஆய்வு, பதிப்பு அறங்கள் பற்றிய இரண்டு மதிப்பலகுப் பாடத்தை யுஜிசி 2019இல் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது. அதில் தரவுத்தளங்கள் உண்டு, மேற்கோள் அளவீடுகள் உண்டு, எச்-இன்டெக்ஸ் உண்டு. நம் கட்டுரை எத்தனை முறை சுட்டப்பட்டது என்று எண்ணக் கற்கிறோம். நம் கோப்பு மறுமுனைக்குச் சிதையாமல் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க அங்கே இடமில்லை.

எனவே நான் கேட்பவை இவை.

ஒன்று: ஆய்வேட்டுடன் தரவு ஒப்படைப்பும் கட்டாயமாக வேண்டும். உரை யூடிஎஃப்-8இலும், ஒலி சுருக்கப்படாத வேவ் வடிவிலும், குறிப்புரை எக்ஸ்எம்எல் போன்ற திறந்த வடிவிலும் இருக்க வேண்டும். சமூகம் தடைசெய்த பகுதிகள் பூட்டப்பட்டிருக்கலாம். ஆனால் காக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சரிபார்ப்புத் தொகைப் பட்டியல் உடன்செல்ல வேண்டும். ஷா-256 கணக்கிடும் கருவி மூன்று இயங்குதளங்களிலும் விலையின்றிக் கிடைக்கிறது. பெறுபவர் சரிபார்த்து எழுத்தில் உறுதி தரும்வரை மூலப்பதிவை அழிக்கக் கூடாது.

மூன்று: கோப்புப் பெயர்களுக்குத் துறையளவில் ஒரே விதி வேண்டும். சிறிய ரோமன் எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவை மட்டும் என்பதே இன்றைக்குப் பாதுகாப்பான வழி. இதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது. ஒரு மொழியை ஆவணப்படுத்தும் கோப்புக்கு அம்மொழியின் எழுத்தில் பெயரிட இயலாமை ஓர் அநீதி. அதனால், அம்மொழியிலான பெயர் கோப்புடன் செல்லும் விவரப்பட்டியலில் முழுமையாக இடம்பெற வேண்டும் என்பதையும் விதியாக்க வேண்டும். சமமான எழுத்துவடிவங்களைச் சமமாகவே நடத்தும்படி மென்பொருளாளர்களை வற்புறுத்துவதையும் நிறுத்தக் கூடாது.

நான்கு: திறந்த வடிவில் தரவை வெளியேற்ற இயலாத எந்த மென்பொருளையும் பொதுப்பணத்தில் வாங்கக் கூடாது. உள்ளே போக வழியிருந்து வெளியே வர வழியில்லாத மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம், நம் தரவைப் பிணையாக வைப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்து: முறையியல் பாடத்தில் இதற்கென மணிநேரம் ஒதுக்கி, இந்த உழைப்பை உழைப்பாக அங்கீகரிக்க வேண்டும். கோப்புகளை மீட்டுத் தரும் மாணவரின் பெயர், அத்தரவால் வெளிவரும் கட்டுரையில் நன்றியுரைக்கு மேலான இடம் பெற வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. மூன்று பக்க விதிமுறையும், அதைக் கேட்டு வாங்கும் உறுதியும் போதும். இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்கள் தங்கள் துறையின் அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: பத்தாண்டுகளுக்கு முன் இத்துறையில் பட்டம் பெற்ற ஆய்வேடுகளுள் எத்தனையின் மூலத்தரவை இன்று இந்த அறையில் உள்ள கணினியில் திறந்து காட்ட முடியும்? விடையைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் அந்தக் கேள்வியைத் தங்கள்மேல் எறியப்பட்ட கல்லாக எண்ண வேண்டாம். அவர்கள் இளமையில் காடு மலை ஏறித் திரட்டிய பதிவுகளும் அந்தப் பூட்டிய பீரோவுக்குள்தான் இருக்கின்றன.